நான்காம் பக்கத்து விரல்

என் விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு வரைபடம் இருந்தது. அதில் இரண்டு கோடுகள். கறுப்புக் கோடு, ஒரு பெண்ணின் சுண்டுவிரலில் பட்ட தொடுகை எவ்வளவு வேகமாக மூளைக்குப் போய்ச் சேர்கிறது என்று காட்டியது. சிவப்புக் கோடு அதே கையின் ஆள்காட்டி விரலுக்கு உரியது. கறுப்பு சொன்ன நேரத்துக்கு வந்து நிமிர்ந்து நின்றது. சிவப்பு தாமதமாக வந்து, பாதி உயரம்கூட எழாமல் படுத்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் அந்தப் படத்தைத்தான் பாராட்டினார்கள். இவ்வளவு தெளிவான படம் ஆரம்ப ஆய்வில் கிடைப்பது அபூர்வம் என்றார் ஒருவர். அந்த விரல் என் சின்னம்மாவுடையது.

அந்தக் கைக்கு என்ன கோளாறு என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் ஆறு மாதத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்பதைச் சொல்ல ஒரு நிதியின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டில் மூளையைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து, ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்து இரண்டாவது வருடம். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. எனக்கென்று ஒதுக்கிய அறையின் ஜன்னலைத் திறந்தால் சாக்கடைக் கான் நாற்றம் அடிக்கும். யாரோ தானமாகக் கொடுத்த பழைய மூளை அலை இயந்திரம் ஒன்று மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. ஆய்வு செய்யாவிட்டால் கட்டுரை இல்லை, கட்டுரை இல்லாவிட்டால் வேலை உறுதி இல்லை. அப்படிப்பட்ட எங்களைப் போன்றவர்களுக்காகத்தான் விதை நிதி என்று ஒன்று இருந்தது. புதிதாக வந்த விரிவுரையாளர்கள், நரம்பியலில் புதிதாக ஒன்றைத் தொடங்குவதற்கு.

சுற்றறிக்கையில் இரண்டு நிபந்தனைகள் முக்கியம். ஆய்வு இதுவரை யாரும் செய்யாததாக இருக்க வேண்டும். ஆனால் அது நடக்கும் என்பதற்குக் கொஞ்சம் ஆதாரமும் காட்ட வேண்டும். நிதி இல்லாமல் ஆதாரத்துக்கு எங்கே போவது? பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. எல்லாப் புது விரிவுரையாளர்களும் இதை அலுத்துக்கொண்டே எங்காவது போய் ஆதாரம் தேடினார்கள். நான் நேராக ஓப்பநாயக்கவுக்கு மேலே, நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன்.

என் யோசனை இதுதான். முப்பது வருடம் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கொழுந்து கிள்ளுகிற பெண்ணின் மூளையில் அந்த விரல்களுக்கு உரிய இடம் மாறிப் போயிருக்குமா? மூளையில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சிறு நிலம் இருக்கிறது. அதிகம் உழைக்கிற விரலின் நிலம் விரியும் என்று சங்கீத வாத்தியம் வாசிக்கிறவர்களிடம் பார்த்திருக்கிறார்கள். கொழுந்து எடுக்கிறவர்களிடம் யாரும் பார்த்ததில்லை. நல்ல யோசனைதான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல்.

அப்பாவும் அம்மாவும் ஓய்வுபெற்று அண்ணனோடு பலாங்கொடைக்குப் போய்விட்டார்கள். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, தொழிலாளர் வரிசை வீடான அதே லயத்தில் அதே காம்பராவில் இருந்தாள். அம்மா கொழுந்து எடுக்க மலைக்குப் போய்த் திரும்பும்வரை சின்னம்மா வீட்டுச் சோறுதான் நான் பாதி நாள் தின்றது. போனில் விஷயத்தைச் சொன்னதும், எத்தனை பேர் வேண்டும் என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாளில் பதினொரு பெண்களைச் சேர்த்துவிட்டாள். அவளோடு பன்னிரண்டு.

சித்திரைப் புத்தாண்டு லீவு முடிந்த அடுத்த ஞாயிறு, இயந்திரத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். வேலைக்குப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவைத் தோட்ட நிர்வாகியான தொரையிடம் கேட்டு வாங்கியிருந்தேன். தலையில் எண்ணெய் இருந்தால் மின்முனைகள் ஒட்டாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பன்னிரண்டு பேரும் ஷாம்பு போட்டுத் தலைமுழுகி, காய்ந்தும் காயாத முடியோடு, கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தேன். பசை சேலையில் படாமலிருக்க என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தக் கோட்டோடு அந்தக் காம்பராவுக்குள் நடந்து வருவதைப் பல வருடம் கற்பனை செய்து வைத்திருந்தேன்.

சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்ட வேண்டும். பல்கலைக்கழகத் தமிழில் எழுதிய படிவம். "தனிநபர் பெறுபேறுகள் பங்குபற்றுநருக்கு அறிவிக்கப்படமாட்டா" என்று அதில் ஒரு வரி. அவசரக் கல்யாணத்தில் ஐயர் மந்திரம் சொல்கிற வேகத்தில் வாசித்து முடித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள், கையெழுத்துப் போட்டார்கள். எதற்குப் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

பரிசோதனை சின்ன விஷயம். தலையில் ஒயர் தொப்பி. விரலில் ஒரு வளையம். வளையம் மெல்லிய அதிர்ச்சி ஒன்றைக் கொடுக்கும், எறும்பு கடித்த மாதிரி இருக்கும். அது மூளையில் வந்து விழும் நேரத்தை இயந்திரம் எழுதிக்கொள்ளும். நான் குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் மடக்கி உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பார்த்தேன். லயத்துக்குக் கரண்டு வர இருபது வருசம் ஆச்சு, மண்டைக்கு ஒரு நாளில் வந்துவிட்டது என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

சின்னம்மாவின் சுண்டுவிரலில் வளையத்தை மாட்டி அழுத்தியதும் கையை வெடுக்கென்று இழுத்தாள். ஆள்காட்டி விரலுக்கு மாற்றினேன். அழுத்தினேன். கொஞ்சம் கூட்டி அழுத்தினேன். அவள் நிமிர்ந்து விளக்கைப் பார்த்தாள்.

"கரண்டு போயிருச்சா புள்ள?"

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றுக்கும் போகிற நரம்பு மணிக்கட்டில் ஒரு குறுகலான வாய்க்கால் வழியாகப் போகிறது. சுண்டுவிரலுக்குப் போகிற நரம்பு வேறு வழி. ஒன்று நன்றாக இருந்து மற்றது செத்துக் கிடந்தால், முதலில் பார்க்க வேண்டியது மூளையை அல்ல, மணிக்கட்டை. அங்கே நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கும். ஒரே மாதிரிக் கைவேலையை வருடக்கணக்காகச் செய்கிறவர்களுக்கு வருவது. இதை என் துறையில் முதல் வருட மாணவனும் சொல்வான். அதே இயந்திரத்தை மணிக்கட்டில் வைத்து ஐந்து நிமிடத்தில் பார்த்திருக்கலாம். நான் வைக்கவில்லை.

காரணத்தை மூடி மறைக்கப் போவதில்லை. மணிக்கட்டில் வைத்துப் பார்த்து, கோளாறு அங்கேதான் என்று தெரிந்துவிட்டால், அது ஆஸ்பத்திரி விஷயம் ஆகிவிடும். அதில் புதுமை இல்லை. புதுமை இல்லாததற்கு விதை நிதி கிடையாது. மணிக்கட்டைப் பார்க்காதவரை அந்தச் சிவப்புக் கோடு மூளையைப் பற்றி ஏதோ அதிசயம் சொல்கிற மாதிரி இருந்தது. அந்த மாதிரி இருந்தது எனக்குப் போதுமாக இருந்தது.

எங்கள் துறைத் தலைவர் நல்ல மனிதர், சிங்களவர், அதிகம் பேசாதவர். வரைபடத்தைக் காட்டியபோது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மணிக்கட்டைப் பார்த்தீர்களா என்று கேட்டார். அது இரண்டாம் கட்டத்தில் வருகிறது சேர் என்றேன். அன்று பின்னேரம் அறைக்கு வந்து, இரண்டாம் கட்டம் என்று ஒரு பத்தியைப் புதிதாக எழுதிச் சேர்த்தேன். நிதி கிடைத்த பிறகு, பிற காரணங்கள் உள்ளனவா என்று ஆராயப்படும். பார்க்க ரொம்ப நேர்மையான பத்தி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். விண்ணப்பத்தில் மறைக்கலாம்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். குளிரூட்டிய அறை, ஐந்து பேர். நான்காம் பக்கம் சுவரில் பெரிதாக விழுந்தது. ஒரு அம்மையார் அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாவம் இந்த மனுசி என்றார். நானும் பாவம் என்றேன், யாரோ ஊர் பேர் தெரியாத ஒருத்திக்குச் சொல்கிற மாதிரி. இன்னொருவர், தோட்டத்து ஆட்கள் ஒரு வருடம் தொடர்ந்து வருவார்களா, பாதியில் விட்டுவிட மாட்டார்களா என்று கேட்டார். மிகவும் ஒத்துழைப்பானவர்கள், கேள்வி கேட்க மாட்டார்கள், எனக்கு அங்கே நல்ல தொடர்பு இருக்கிறது என்றேன். தொடர்பு. என்னைத் தூக்கி வளர்த்தவளுக்கு அந்த அறையில் நான் கொடுத்த பெயர் அதுதான்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. குழு கூடவில்லை, கூடியது, கையொப்பம் வரவில்லை என்று மாதங்கள் போயின. ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னம்மா எனக்குப் போன் எடுப்பாள். ஜூன் மாதம், பொசன் பௌர்ணமிக்கு அடுத்த வாரம் என்று நினைக்கிறேன், பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: தூக்கத்தில் கை மரத்துப் போகிறது, சுருசுருவென்று எறும்பு ஊருகிறது, எழுந்து உதறினால் சரியாகிறது. கையை உதறினால் சரியாகிறது என்பது புத்தகத்தில் அப்படியே இருக்கிற வாக்கியம். பரீட்சைக்கு அதை மனப்பாடம் செய்திருக்கிறேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே கானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேலையைக் கொஞ்சம் கொறைச்சுக்குங்க சின்னம்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். தொரையிடம் சொல்லி வைக்கிறேன் என்றாள். பிறகு என் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள்.

எனக்கு நியாயங்கள் நிறைய இருந்தன. நான் மருத்துவ டொக்டர் இல்லை. ஒரே ஒரு அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. படிவத்திலேயே பெறுபேறு அறிவிக்கப்படமாட்டாது என்று இருக்கிறது. மழைக்கு ஒதுங்குகிறவள் மாதிரி அந்த விதிக்குக் கீழே போய் நின்றுகொண்டேன். இன்னொன்றும் இருந்தது, அதைத்தான் சொல்லக் கூசுகிறது. அவள் வைத்தியம் பார்த்துக் கை தேறிவிட்டால், நிதி வந்தபின் மறுபடி அளக்கும்போது அந்தச் சிவப்புக் கோடு இருக்காது. இதை நான் வாக்கியமாக நினைக்கவில்லை. ஆனால் நினைத்தேன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் கடிதம் வந்தது. நிதி கிடைத்துவிட்டது. துறைத் தலைவர் கைகுலுக்கினார். பலாங்கொடையில் இறங்கி பட்டர் கேக்கும் சின்னம்மாவுக்கு ஒரு தீபாவளிச் சேலையும் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

அவள் தேத்தண்ணி ஊற்றினாள். கோப்பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தாள். ஒரு நாளும் அப்படிக் கொடுத்தவள் இல்லை. கோப்பையை வாங்கும்போது வலது உள்ளங்கையைப் பார்த்தேன். பெருவிரலுக்கு அடியில் திரண்டிருக்க வேண்டிய சதை வற்றிப் பள்ளமாக இருந்தது. கொழுந்து எடுக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை, எடுக்கிற கிலோ குறைந்துவிட்டது என்று கங்காணி புல்லுவெட்டுக்கு மாற்றிவிட்டார், அதுவும் நல்லதுதான், வெயிலில் கூடை சுமக்கத் தேவையில்லை என்றாள். புல் வெட்டுகிற கத்தியைப் பிடிப்பது அந்த மணிக்கட்டுக்கு இன்னும் கேடு.

அடுத்த காம்பராவில் இருக்கிற அக்கா, அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி, கேக் தின்ன வந்தவள் என்னிடம் பிராது வைத்தாள். ரெண்டு மாசமா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்லியாகிவிட்டது, கேட்கிறாள் இல்லை, நீயாவது சொல்லு என்றாள். சின்னம்மா அவளைக் கையால் அமர்த்தினாள்.

"எங்க புள்ளையே மிசின் வச்சுப் பாத்துருச்சு. ஒண்ணும் இல்ல. இருந்தா பேரு வந்திருக்கும்ல" என்றாள். என்னைப் பார்த்து, சரிதானே என்பது போலச் சிரித்தாள்.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால்தான் விளங்கும். டவுனிலிருந்து கண், சீனி, பிரஷர் பார்க்கிற வேன் வரும். எல்லோரையும் வரிசையில் விட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஒரு வாரம் கழித்து, விடிகாலையில் வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் கங்காணி ஒரு துண்டை எடுத்துப் பேர் வாசிப்பார். பேர் வந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பேர் வராதவர்களுக்கு ஒன்றும் இல்லை, மலைக்குப் போகலாம். அதுதான் எங்கள் மருத்துவ அறிக்கை. வேறு காகிதம் யாருக்கும் வராது. பேர் வராத நாளில் அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு லேசாக நடந்து போவாள் என்பது எனக்குத் தெரியும். வேறு யாராவது என்றால், தெரியாமல் செய்தேன் என்று சொல்லலாம், நான் சொல்ல முடியாது.

ஷாம்பு போட்டு முழுகி, நல்ல சேலை கட்டி, வெள்ளைக் கோட்டுக்காரிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பிறகு ஒவ்வொரு காலையும் பெரட்டுக்களத்தில் நின்று கேட்டிருக்கிறார்கள். பேர் வரவில்லை. என் படிவத்தில் இருந்த வரி, பெறுபேறு சொல்லமாட்டோம் என்றது. அவர்களுக்கு அது, உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மூடிய வாயால் ஆறு மாதம் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

 அக்கா போனபிறகு சின்னம்மாவிடம், அந்த மிசின் காகிதத்தை இப்போதுதான் திரும்பப் பார்த்தேன், ஒரு சந்தேகம் இருக்கிறது, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். இப்போதுதான். அந்த ஒரு சொல்லுக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை. உண்மையைச் சொல்லப் போன இடத்திலும் ஒரு பொய்யைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் சந்தோசப்பட்டாள். பாத்தியா, நம்ம புள்ள இருந்ததால கண்டுபிடிச்சது என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள், அடுத்த காம்பராவுக்குக் கேட்கட்டும் என்று.

ஆஸ்பத்திரியில் நீண்ட வரிசை. எங்கள் முறை வந்தபோது பதினொரு மணி இருக்கும். டொக்டர் இளவயசு, சிங்களப் பையன், கண்ணில் தூக்கம். சின்னம்மாவின் கையைத் திருப்பிப் பார்த்தார், மணிக்கட்டில் தட்டினார், பெருவிரலை உயர்த்தித் தன் விரலை எதிர்த்துத் தள்ளச் சொன்னார். அது தள்ளவில்லை. நான் கொண்டு போயிருந்த அச்சுப் பிரதியை நீட்டினேன். அதே இரண்டு கோடுகள். அவர் கோடுகளைப் பார்த்தார், பிறகு தாளின் மூலையில் இயந்திரம் தானாகப் போட்டிருந்த திகதியைப் பார்த்தார்.

இது சித்திரையில் எடுத்ததா என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார். அப்போதே இப்படி இருந்திருக்கிறது, ஏன் அப்போது கூட்டிக்கொண்டு வரவில்லை என்றார்.

நான் இங்கிலீசில் பதில் சொன்னேன். ஆரம்ப ஆய்வு, ஒழுக்கநெறி விதிகள், தனிநபர் பெறுபேறு என்று என்னென்னவோ. ஏன் இங்கிலீசு என்று எனக்குத் தெரியும். சின்னம்மாவுக்கு விளங்கக் கூடாது. ஆனால் அவர் விடவில்லை. சிங்களத்திலேயே, நிதானமாக, நோயாளிக்கும் கேட்க வேண்டும் என்கிற மாதிரி, அப்போது வந்திருந்தால் கைக்கு ஒரு பட்டி கட்டி, வேலையை நிறுத்தினாலே போதுமாக இருந்திருக்கும், இப்போது ஆபரேஷன் செய்ய வேண்டும், செய்தாலும் வற்றின சதை திரும்பி வருமா என்பது சந்தேகம் என்றார். சந்தையிலும் பஸ்ஸிலும் அக்கம்பக்கத்துக் கிராமத்திலும் நாற்பது வருடமாகச் சிங்களம் பேசுகிறவள் சின்னம்மா. என்னைவிட நன்றாகப் பேசுவாள். அவளுக்கு ஒரு சொல் தவறவில்லை.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. தாளின் மூலையைப் பார்த்தாள். டொக்டரின் விரல் இருந்த இடத்தை. பிறகு சிங்களத்திலேயே சொன்னாள்:

"இவ அப்பவே சொன்னா டொக்டர் மாத்தயா. வா வான்னு கூப்பிட்டா. நான்தான் வரல."

டொக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. படித்த பிள்ளை, இந்தத் துறையிலேயே இருக்கிற பிள்ளை, மெஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்து பார்த்துச் சொல்லியும் கேட்காவிட்டால் நாங்கள் என்ன செய்வது, தோட்டத்து ஆட்களே இப்படித்தான், கடைசியில்தான் வருவீர்கள் என்று ஏசினார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சின்னம்மா தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் மாத்தயா, தப்புத்தான் மாத்தயா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ஒரு வாக்கியம் போதும். இல்லை டொக்டர், நான் சொல்லவில்லை என்று. சொல்லவில்லை. அவர் திட்டி முடித்து, துண்டு எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிடும்வரை நான் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போகும்போது டொக்டர் என்னைப் பார்த்து, நீங்கள் என்ன செய்ய முடியும் மிஸ் என்று ஆறுதல் வேறு சொன்னார். அதற்கு நன்றி சொன்னேன்.

பஸ்ஸில் சின்னம்மாவுக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் பெல்மதுளை தாண்டியது. மன்னிச்சுக்குங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் இடது கையால் என் முழங்காலை மெதுவாகத் தட்டினாள், போதும் என்கிற மாதிரி. எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. நான் அழுது முடிக்கும்வரை ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்தவங்ககிட்ட நீயே போயி சொல்லிரு" என்றாள் பிறகு. "எப்பத்துல இருந்து தெரியும்னு கேப்பாங்க. அதையும் சொல்லிரு. ஒருக்கா ஒனக்காகச் சொல்லிட்டேன். இனிமே என்னால முடியாது."

அதற்கு மேல் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, இன்றுவரையும் பேசவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி மேலே ஏறுகிற வழியெல்லாம் அந்தப் பதிலைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சித்திரை மாசமே தெரியும். சித்திரை மாசமே தெரியும். எந்த முகத்தோடு, எந்தக் குரலில் சொல்வது என்று. அவர்கள் ஏசுவார்கள், ஏசட்டும், அதற்குத்தானே போகிறேன் என்று ஒரு மாதிரித் தைரியம்கூட வந்திருந்தது. முதலில் அடுத்த காம்பரா அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். சின்னம்மாவின் கையைப் பற்றி டொக்டர் சொன்னதைச் சொன்னேன். அது அன்றைக்கே மிசினில் தெரிந்தது என்றேன். எனக்கும் அன்றைக்கே தெரியும் என்றேன்.

அவள் ஏசவில்லை. எப்போது தெரியும், ஏன் சொல்லவில்லை என்று ஒன்றும் கேட்கவில்லை. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். இரண்டு கையையும் விரித்து என் முன்னால் நீட்டினாள்.

"அப்ப என்னோடது எப்புடி இருக்கு புள்ள?"

எனக்குத் தெரியவில்லை. சின்னம்மாவின் கோடு படத்துக்கு அழகாக இருந்தது, அதனால் அதைத் தனியே எடுத்துப் போட்டேன். மற்ற பதினொரு பேரையும் கூட்டி, பதினொன்றால் வகுத்து, ஆறாம் பக்கத்தில் ஒரே ஒரு கோடாக வரைந்திருந்தேன். அந்தக் கோடு பரவாயில்லாமல் இருந்தது. அதில் இவள் எங்கே இருக்கிறாள் என்று நான் ஒரு தடவைகூடத் தேடிப் பார்த்ததில்லை. அவளுடைய அளவு என் மடிக்கணினியில்தான் இருந்தது, ஆனால் பேரில் இல்லை. ஆய்வு விதிப்படி ஆளுக்கு ஒரு இலக்கம். எந்த இலக்கம் யாருடையது என்ற பட்டியல் பல்கலைக்கழகத்தில், என் மேசை இழுப்பறையில், பூட்டிக் கிடந்தது.

வாசற்படியில் உட்கார்ந்து கணினியைத் திறந்தேன். அவள் பக்கத்தில் குந்திக்கொண்டு, கைகளை மடக்காமல், திரையைப் பார்த்தாள். ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை கோப்புகள் வரிசையாக நின்றன. சிலவற்றைத் திறந்தேன். இரண்டாவதில் சிவப்புக் கோடு படுத்திருந்தது. ஐந்தாவதிலும். நான் பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்து, நான் கேட்டேன்.

"அக்கா, அன்னைக்கு ஒங்களுக்கு என்ன நம்பர் குடுத்தேன்னு ஞாபகம் இருக்கா?"